கைக்குழந்தையின் பதிலைப் படிப்பது எப்படி? ஆய்வுக்கூட முறைகளை வீட்டில் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

கைக்குழந்தைக்குப் பேச்சு வராது. சொன்னதைச் செய்யத் தெரியாது. கையைக்கூட நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் அதற்குப் பெரிதாக ஒன்றும் புரியாது என்று அறிஞர்களில் பலரே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1950-களின் இறுதியிலிருந்து இந்த எண்ணம் மெல்ல மாறியது. குழந்தையால் முடியாததைக் கேட்பதை விட்டுவிட்டு, முடிந்ததன் வழியாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். குழந்தையால் பார்க்க முடியும், உறிஞ்ச முடியும், தலையைத் திருப்ப முடியும், ஒன்றையே பார்த்துச் சலித்துப்போக முடியும். பச்சிளம் குழந்தையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சின்னச் செயல்களை எண்ணியும் நேரம் குறித்தும் கிடைத்ததுதான்.

அந்த முறைகளில் பாதிக்கு மேல் வீட்டில் எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடியவை. பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வயது வரை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் யாரும், அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யாராக இருந்தாலும், செய்து பார்க்கும்படி அவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை குழந்தைக்கு மதிப்பெண் போடுவதற்கு இல்லை. குழந்தை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் பதில் நம் கண்ணில் படுவதற்கு.

முன்னேற்பாடு

ஒரு நோட்டு, பேனா, வீடியோ எடுக்க ஒரு போன். இவ்வளவு போதும். நோட்டின் முதல் பக்கத்தில் குழந்தையின் பிறந்த தேதியை எழுதுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால், மருத்துவர் சொன்ன பிரசவத் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் வயதுகளை அந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முன்னதாக வந்துவிட்டது. அதன் நான்காம் மாதத்தில் அதனிடம் இரண்டு மாதக் குழந்தையின் செயல்களை எதிர்பார்ப்பதே நியாயம். மூளையும் கண்ணும் வளரும் வேகத்தைப் பிறந்த தேதி மாற்றிவிடுவதில்லை. இதைக் கவனிக்காமல் கவலைப்படும் பெற்றோர் ஏராளம்.

படி 1: முதலில் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

ஆய்வுக்கூடத்தில் குழந்தையைக் கொண்டுவந்ததும் பரிசோதனையைத் தொடங்கிவிட மாட்டார்கள். அது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் குறிப்பார்கள். அமெரிக்க மருத்துவர் பீட்டர் வுல்ஃப் 1950-களின் இறுதியில் பச்சிளம் குழந்தைகளின் அருகில் மணிக்கணக்கில் அமர்ந்து இந்த நிலைகளை விவரித்தார். பின்னால் வந்தவர்கள் சிறு மாற்றங்களோடு அவற்றை ஆறாகப் பிரித்தார்கள்: ஆழ்ந்த உறக்கம், கண் அசையும் லேசான உறக்கம், அரைத் தூக்கம், அமைதியான விழிப்பு, கைகாலை உதைத்துக்கொண்டிருக்கும் விழிப்பு, அழுகை.

நமக்குத் தேவையானது நான்காவது. கண் பளிச்சென்று திறந்திருக்கும், உடம்பு அடங்கியிருக்கும், மூச்சு சீராக இருக்கும். பார்ப்பதும் கேட்பதும் இந்த நேரத்தில்தான் நன்றாக நடக்கிறது. முதல் சில வாரங்களில் இந்த நிலை ஒரு சமயத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். "என் குழந்தை முகத்தையே பார்ப்பதில்லை" என்று வருந்துபவர்கள் பல நேரம் ஐந்தாவது நிலையிலோ அரைத் தூக்கத்திலோ முயன்றிருப்பார்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் செய்யாமல், அமைதியான விழிப்பு எப்போது வருகிறது என்பதை மட்டும் குறித்துப் பாருங்கள். பால் குடித்த பிறகா, குளித்த பிறகா, தூங்கி எழுந்ததுமா என்று உங்கள் குழந்தையின் வழக்கம் தெரிந்துவிடும். மற்ற எல்லாப் படிகளும் அந்த நேரத்துக்கு உரியவை.

படி 2: பார்வையின் வழியாகக் கேளுங்கள்

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தூரம். கையில் ஏந்திப் பாலூட்டும்போது முகத்துக்கும் முகத்துக்கும் இடையில் இருக்கும் இடைவெளியும் ஏறக்குறைய அதுவே. அதற்கு அப்பால் உலகம் மங்கல். கறுப்பு வெள்ளைபோல் வேறுபாடு பலமாக உள்ள கோடுகளும் விளிம்புகளும்தான் கண்ணை இழுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி வகுத்தவர் ராபர்ட் ஃபான்ட்ஸ். குழந்தையைப் படுக்கவைத்து, மேலே இரண்டு படங்களை வைத்து, சிறு துளை வழியாக அதன் கண்ணைப் பார்த்தார். எந்தப் படம் கருவிழியில் தெரிகிறதோ, குழந்தை அதைப் பார்க்கிறது. எவ்வளவு நேரம் என்று அளந்தால் போதும். ஒன்றை அதிக நேரம் பார்த்தால், இரண்டுக்கும் வேறுபாடு தெரிகிறது என்று பொருள். பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகளும் வெறும் வண்ணத் தட்டைவிட வடிவங்கள் உள்ள தட்டையே அதிக நேரம் பார்ப்பதை 1963-ல் அவர் வெளியிட்டார். இவ்வளவு எளிய யோசனை ஒரு துறையையே திறந்துவிட்டது என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வீட்டில் செய்யும் முறை: ஒரு அட்டையில் தடித்த கறுப்புக் கோடுகள், இன்னொன்று வெறும் சாம்பல் நிறம். இரண்டையும் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், நடுவில் சற்று இடைவெளி விட்டுப் பிடியுங்கள். பத்து விநாடி கழித்து இடம் மாற்றுங்கள். இடம் மாற்றுவதை விட்டுவிடாதீர்கள். பச்சிளம் குழந்தைகள் தலையை வலப்பக்கமே அதிகம் திருப்பும் என்பதால், மாற்றாமல் பார்த்தால் படத்தை விரும்புகிறதா பக்கத்தை விரும்புகிறதா என்று சொல்ல முடியாது. இன்னொருவர் வீடியோ எடுத்தால் பிறகு நிதானமாக நேரம் குறிக்கலாம்.

அடுத்தது சலிப்பு. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் பார்த்ததில் பாதியாகக் குறைந்ததும் வேறு பொம்மையைக் காட்டுங்கள். பார்வை மீண்டும் நீண்டால், பழையது நினைவில் இருக்கிறது, புதியது வேறு என்று தெரிகிறது. எண்ணிக்கை, பொருளின் நிலைத்தன்மை (கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்ற அறிவு), முகங்களின் வேறுபாடு என்று குழந்தையின் அறிவைப் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு அடித்தளம் இந்தச் சலிப்புதான். மூன்று நான்கு மாதத்தில் இதைச் செய்தால் மாற்றம் நன்றாகத் தெரியும்.

நினைவைப் பற்றிப் பேசும்போது கரோலின் ரோவி-கோலியரைச் சொல்லாமல் விட முடியாது. தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையையும் தன் மகனின் கணுக்காலையும் ரிப்பனால் இணைத்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும் என்பதைக் குழந்தை சில நிமிடங்களில் கற்றுக்கொண்டது. இதையே பின்னர் முறையான ஆய்வாக்கி, மூன்று மாதக் குழந்தை இதை ஒரு வாரம் வரையும், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம் வரையும் நினைவில் வைத்திருப்பதைக் காட்டினார். ரிப்பன், கயிறு எதையும் வீட்டில் குழந்தையின் உடம்பில் கட்டாதீர்கள். ஆபத்து. கைபட்டால் சத்தம் வரும் பொம்மையை அருகில் வைத்து, அது தற்செயலாகத் தட்டுவதிலிருந்து வேண்டுமென்றே தட்டுவதற்கு எப்போது மாறுகிறது என்று கவனித்தாலே இதே கற்றல் தெரியும்.

படி 3: குரலை அது ஏற்கெனவே அறியும் என்று நம்பிப் பேசுங்கள்

1980-ல் ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் பால் வராத ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாக உறிஞ்சினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், இன்னொரு விதமாக உறிஞ்சினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படி உறிஞ்சும் தாளத்தை மாற்றிக்கொண்டன. ஆறு ஆண்டு கழித்து டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் இன்னும் ஒரு படி போனார்கள். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் அம்மா தினமும் உரக்கப் படித்த கதையைப் பிறந்த குழந்தை புதிய கதையைவிட விரும்பிக் கேட்டது. வேறொரு பெண் படித்தாலும் அப்படியே. கதையின் பொருள் புரிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுக்குள் எட்டியது பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும்தான்.

ஆகவே முதல் நாளிலிருந்தே பேசலாம். எப்படிப் பேசுவது? நீங்கள் தானாகவே பேசும் அந்தக் கொஞ்சல் குரல்தான் சரி. சற்று உயர்ந்த சுருதி, நீட்டிய உயிரெழுத்து, மெதுவான வேகம், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி. நான்கு மாதக் குழந்தைகள் பெரியவர்களுக்குள் பேசும் பேச்சைவிட இதையே தேடித் திரும்புவதை ஆன் ஃபெர்னல்ட் 1985-ல் காட்டினார். 2020-ல் வெளியான ஒரு கூட்டு ஆய்வில் 67 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்தன. விருப்பம் உண்மைதான், ஆனால் பழைய ஆய்வுகள் சொன்ன அளவுக்குப் பெரியது இல்லை என்று முடிவு வந்தது. கொஞ்சல் பேச்சு குழந்தையின் மொழியைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. சொற்களைச் சிதைக்காமல் கொஞ்சலாம், அவ்வளவுதான்.

ஒலிகளைப் பிரித்தறிவது இன்னும் சுவையான கதை. 1971-ல் பீட்டர் ஐமாஸும் கூட்டாளிகளும் ஒரு மாதக் குழந்தைக்கே "பா" ஒலிக்கும் தொண்டை அதிர எழும் அதன் இணையான "ba" வகை ஒலிக்கும் வேறுபாடு கேட்கிறது என்று உறிஞ்சல் முறையால் நிறுவினார்கள். 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நம் காதுக்கு ட-வும் த-வும் தனித்தனியாகக் கேட்பதுபோல ஒரு சோடி அது. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு பிடிபடுவது கடினம். ஆனால் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் எளிதாகப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் குறைந்துவிட்டது. தன்னைச் சுற்றிப் பேசும் மொழிக்கு ஏற்பக் காது முதல் ஆண்டிலேயே தன்னைச் சீர்செய்துகொள்கிறது.

அப்படியானால் வேற்று மொழி வீடியோக்களைப் போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றலாம். பட்ரிசியா குல் 2003-ல் இதைத்தான் சோதித்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீனாவின் மாண்டரின் மொழி. ஒரு குழுவோடு ஆள் நேரில் அமர்ந்து பேசி விளையாடினார். மற்றவர்களுக்கு அதே பேச்சு திரையிலும் ஒலிப்பதிவிலும். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைக் கற்றுக்கொண்டன. திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை எதையும் கற்கவில்லை. இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். குழந்தையின் பார்வைக்கும் குரலுக்கும் எதிரில் இருப்பவர் பதில் கொடுப்பதில்தான் கற்றல் நடக்கிறது. அடுத்த படி அதைப் பற்றியதே. இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதுவதும் அதுதான்.

படி 4: சொல்லிவிட்டுக் காத்திருங்கள்

இரண்டு மாதத்துக்குப் பக்கத்தில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். "ங்கா", "ஊ" என்று குரல் கொடுக்கும். இங்கே பெரும்பாலானோர் விடும் குறை, இடைவெளி கொடுக்காமல் தொடர்ந்து பேசுவது. குழந்தைக்குப் பதில் தயாரிக்க நேரம் வேண்டும். செய்ய வேண்டியது இதுதான்: முகத்தை அதன் முகத்துக்கு நேராக வைத்து ஒரு வரி பேசுங்கள். நிறுத்துங்கள். மனத்துக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். கண் விரிவது, வாய் அசைவது, கை நீள்வது, குரல் எழுவது, எது வந்தாலும் அது பதில். அதே குரலைத் திருப்பிச் சொல்லி, கூட ஒன்று சேர்த்துப் பேசுங்கள். மறுபடி நிறுத்துங்கள்.

இந்தப் பரிமாற்றம் குழந்தைக்கு எவ்வளவு வேண்டியது என்பதை எட்வர்ட் டிரானிக் 1970-களில் வடிவமைத்த அசையா முகப் பரிசோதனை காட்டியது. அம்மா முதலில் வழக்கம்போல் விளையாடுவார். பிறகு ஓரிரு நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பேசாமல், தொடாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு மீண்டும் பழையபடி. முகம் உறைந்த சில விநாடிகளிலேயே குழந்தை மாற்றத்தை உணர்கிறது. சிரிக்கிறது, குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது, அம்மாவைத் திரும்ப அழைக்க தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் செய்து பார்க்கிறது. பலிக்கவில்லை என்றதும் பார்வையை விலக்குகிறது, உடல் தளர்கிறது, அழுகிறது. அம்மா திரும்பி வந்த பிறகும் அந்தக் கலக்கம் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல நாடுகளில் பல முறை செய்து உறுதியான முடிவு இது. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, குழந்தைக்கு வருத்தம் மட்டுமே. ஆனால் போனைப் பார்த்தபடி குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை யோசிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, ஒரு நொடிகூட முகம் திருப்பக் கூடாது என்று யாரும் பதற வேண்டாம். டிரானிக் குழுவே விநாடி விநாடியாகப் பிரித்துப் பார்த்தபோது, நன்றாகப் பழகும் தாயும் குழந்தையும்கூட ஒத்த உணர்வு நிலையில் இருந்தது மொத்த நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரம் ஒருவர் சிரிக்க மற்றவர் வேறெங்கோ பார்க்க, ஒருவர் தொடங்க மற்றவர் கவனிக்காமல் இருக்க, இப்படியே போகிறது. பிறகு யாராவது ஒருவர் சரிசெய்கிறார். அந்தச் சரிசெய்தல் திரும்பத் திரும்ப நடப்பதிலிருந்துதான் "விலகினாலும் மறுபடி சேரலாம், என்னாலும் அதைச் செய்ய முடியும்" என்று குழந்தை கற்றுக்கொள்கிறது என்பது டிரானிக்கின் விளக்கம். களைப்பான நாளில் கவனிக்காமல் விட்ட சிரிப்புக்காகக் குற்ற உணர்வில் கிடக்கும் அம்மாவுக்கு இந்த மூன்றில் ஒரு பங்கு கணக்கை நான் முதலில் சொல்வேன்.

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதுவும் பதில்தான். விலகிப் பார்ப்பதற்குச் சற்று முன் இதயத் துடிப்பு கூடுவதையும் விலகிய பின் தணிவதையும் டிஃபனி ஃபீல்ட் 1981-ல் பதிவு செய்தார். குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள எடுக்கும் இடைவேளை அது. அப்போது கிலுகிலுப்பையை ஆட்டி, பெயர் சொல்லி அழைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்ப முயல்வது வேண்டாம். சும்மா இருங்கள். திரும்பி வரும். வந்ததும் ஒரு சிரிப்போடு வரவேற்றால் போதும். விரல்களை அகல விரிப்பது, கொட்டாவி, விக்கல், முதுகை வளைப்பது இவையும் சிறு குழந்தைகளிடம் "போதும்" என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

படி 5: மழலைக்குச் சூட்டோடு சூடாகப் பதில் கொடுங்கள்

ஆறு ஏழு மாதம் தாண்டியதும் "பபப", "மமம" வரும். மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் கூட்டாளிகளும் 2003-ல் எட்டு மாதக் குழந்தைகளின் அம்மாக்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு, குழந்தை குரல் கொடுத்ததும் சிரித்து, அருகில் வந்து, தொட வேண்டும். இன்னொரு குழுவும் அதே அளவு சிரித்துத் தொட வேண்டும், ஆனால் குழந்தையின் குரலோடு தொடர்பில்லாத நேரத்தில். முதல் குழுவின் குழந்தைகளிடம் சில நிமிடங்களுக்குள்ளேயே ஒலிகள் முதிர்ந்த அசைகளாக மாறின. இரண்டாவது குழுவில் அப்படி நடக்கவில்லை. அன்பின் அளவு இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது நேரம்.

எனவே நாள் முழுக்க எல்லாக் குரலுக்கும் பதில் சொல்ல முயல்வதைவிட, அமைதியான விழிப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தப் பத்து நிமிடத்தில் வரும் குரலுக்கு ஓரிரு விநாடிக்குள் பதில் கொடுப்பது நல்ல தொடக்கம். குழந்தை ஒரு பொருளைப் பார்த்தபடி "ப" என்றால், அந்தப் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். நாம் காட்ட விரும்புவதை விட, அது ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பதன் பெயர்தான் மனத்தில் எளிதாகப் பதியும்.

படி 6: மூன்றாவது ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்

ஒன்பது மாதத்தையொட்டி ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. அதுவரை குழந்தை உங்களைப் பார்க்கும், அல்லது பொருளைப் பார்க்கும். இப்போது பொருளைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கும், மறுபடி பொருளை. "நீயும் பார்த்தாயா?" என்று கேட்கும் பார்வை அது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. குழந்தையோடு கண் சேர்ந்ததும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒன்றின் பக்கம் தலையையும் கண்ணையும் திருப்புங்கள். பின்தொடர்ந்து பார்க்கிறதா? முதலில் கை நீட்டிக் காட்டினால்தான் பார்க்கும், பிறகு தலை திரும்பினாலே பார்க்கும். ஒரு வயதையொட்டி அதுவே விரல் நீட்டிச் சுட்டும். எடுத்துத் தா என்று சுட்டுவதும், அங்கே பார் என்று சுட்டுவதும் வேறு வேறு. நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது, தன் மகிழ்ச்சியைப் பகிர்வதற்காக மட்டுமே நீட்டப்படும் விரல்.

இதே வயதில் குழந்தை உங்கள் முகத்தை வழிகாட்டியாகவும் பயன்படுத்தும். எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960-ல் வெளியிட்ட காட்சிப் பள்ளப் பரிசோதனையில், கனமான கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஒரு பக்கம் ஆழம் தெரியும்படி அமைத்தார்கள். 6 முதல் 14 மாதம் வரையான 36 குழந்தைகளில் நடுப்பலகையை விட்டு நகர்ந்தவை 27. அவற்றில் மூன்று மட்டுமே ஆழமான பக்கம் போயின. 1985-ல் ஜேம்ஸ் சோர்ஸும் கூட்டாளிகளும் அந்த ஆழத்தைப் போகலாமா வேண்டாமா என்று தயங்கும் அளவுக்குக் குறைத்து, மறுமுனையில் அம்மாவை நிற்க வைத்தார்கள். அம்மா மகிழ்ச்சியான முகம் காட்டியபோது ஒரு வயதுக் குழந்தைகள் 19-ல் 14 கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூட வரவில்லை. ஒரு சொல் பேசாமல், முகம் மட்டும்.

புதிய மனிதர், விசித்திரமான பொம்மை, திடீர்ச் சத்தம் வரும்போது குழந்தை உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த அரை விநாடியைப் பிடியுங்கள். அதற்கு நீங்கள் காட்டும் முகம்தான் விளக்கம்.

படி 7: உடல் அசைவை நாள்காட்டியோடு மல்லுக்கட்டாமல் கவனியுங்கள்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது இந்த விஷயத்தில்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியிட்ட வரம்புகள்: பிடிமானம் இல்லாமல் உட்கார 3.8 முதல் 9.2 மாதம், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ 5.2 முதல் 13.5 மாதம், தனியாக நடக்க 8.2 முதல் 17.6 மாதம். நடையில் மட்டும் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி இருப்பதைப் பாருங்கள். அந்த ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

விழுவதும் கணக்கில் உண்டு. நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து 17 முறை விழுந்ததைக் கேரன் அடால்ஃப் குழு 2012-ல் எண்ணியது. அவரது இன்னொரு கண்டுபிடிப்பு பாதுகாப்புக்கு நேரடியாக உதவும். தவழ்ந்து பழகிய குழந்தை செங்குத்தான சரிவின் ஓரத்தில் நின்றுவிடும். அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் காலை வைத்து விழும். ஒவ்வொரு உடல் நிலைக்கும் ஆபத்தை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. "இத்தனை நாள் கட்டிலிலிருந்து விழவில்லையே" என்ற நம்பிக்கை, புதிதாக ஒரு திறன் வந்த வாரத்தில் செல்லாது. அப்புறம், விழித்திருக்கும்போது கண்ணெதிரில் குப்புறப் படுக்க வைக்கலாம். தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான்.

படி 8: பிரிவைவிடச் சேர்வதைப் பாருங்கள்

மேரி ஐன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவிலும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களிலும் தாய்களையும் குழந்தைகளையும் வீட்டுக்கே போய்க் கவனித்தவர். பால்டிமோரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அவர் உருவாக்கிய பரிசோதனையில் ஒரு வயதுக் குழந்தை அறிமுகமில்லாத அறையில் அம்மாவை இரு முறை சிறிது நேரம் பிரிகிறது. அம்மா போனதும் அழுகிறதா என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது? ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, ஆறுதல் அடைந்து, மறுபடி விளையாடப் போகிறதா என்பதே முக்கியம்.

பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அந்தப் பரிசோதனையை மதிப்பிட முடியும், வீட்டில் நடத்தக் கூடாது. ஆனால் அதன் பாடத்தை வேலைக்குப் போய்வரும் எல்லோரும் பயன்படுத்தலாம். போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, முதல் சில நிமிடங்களைக் குழந்தைக்கே கொடுங்கள். எட்டு ஒன்பது மாதத்தில் திடீரென்று மற்றவரிடம் போக மறுத்து அழுவது பின்னடைவு இல்லை. யார் தன்னவர் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டதன் அடையாளம்.

படி 9: வாரம் ஒரு வீடியோ, இரண்டு நிமிடம்

முகத்துக்கு முகம் விளையாடுவதை இரண்டு நிமிடம் எடுங்கள். உங்கள் முகமும் குழந்தையின் முகமும் தெரிய வேண்டும். முதலில் ஒலி இல்லாமல் பாருங்கள். பத்து விநாடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் தொடங்கியது, மற்றவர் பதில் தந்தாரா, குழந்தை எங்கே பார்த்தது என்று மட்டும் எழுதுங்கள். பிறகு ஒலியோடு. "சந்தோஷமாக இருந்தது" என்று எழுத வேண்டாம், "வாய் விரிந்தது, கன்னம் உயர்ந்தது" என்று எழுதுங்கள். ஆய்வுக்கூடங்களில் இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்ட பிறகே அதை நம்புவார்கள். வீட்டிலும் இருவர் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டால், ஒருவர் கவனிக்காத அழைப்பை மற்றவர் பிடித்திருப்பார்.

படி 10: செய்தியில் வரும் ஆய்வை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்

1977-ல் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப், கீத் மூர் இருவரும் இரண்டு மூன்று வாரக் குழந்தைகள் பெரியவர் நாக்கை நீட்டினால் தாமும் நீட்டுவதாக எழுதினார்கள். பாடப்புத்தகங்களில் ஏறியது. 2016-ல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பது வாரங்களில் தொடர்ந்து சோதித்தபோது அப்படிப் பாவனை செய்வதற்குச் சான்று கிடைக்கவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை. இதனால் ஆய்வுகளே பொய் என்று ஆகிவிடாது. ஒரு முடிவைப் படிக்கும்போது எத்தனை குழந்தைகள், எந்த வயது, எந்த நாட்டுக் குடும்பங்கள், வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். குழந்தையின் அறிவை வளர்ப்பதாகச் சொல்லி எதையாவது விற்கும் விளம்பரத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடவே இல்லை, மூன்று மாதத்துக்குப் பிறகும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நகரும் பொருளைக் கண் தொடரவில்லை, ஒரு வயதாகியும் மழலை இல்லை, சுட்டுவதோ கையசைப்பதோ இல்லை, 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்கும் திறனை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது அதிகம். அம்மா தொடர்ந்து பல வாரம் மனம் சோர்ந்து, குழந்தையிடம் எதுவும் தோன்றாமல் இருந்தால் அதையும் தயங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. நோட்டையும் வீடியோக்களையும் கொண்டுபோங்கள். மருத்துவர் அறையில் அழும் குழந்தை காட்டாததை வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ காட்டும். ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றை, சிரிப்போ மழலையோ சுட்டுவதோ, குழந்தை எந்த வயதிலாவது நிறுத்திவிட்டால் மட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே போங்கள்.